மலை உயரத்தில் பட்டாசு சொதப்புவது ஏன்? ஆக்சிஜன், ஈரம், எரிதலின் வகைகள்

திருப்பூரிலிருந்து குன்னூருக்குக் குடிவந்து முதல் தீபாவளி கொண்டாடிய நீங்கள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். கீழேயிருந்து வாங்கிவந்த பட்டாசில் பாதி சொதப்பியதற்கு, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபடி மலையில் ஆக்சிஜன் குறைவாக இருப்பதுதான் காரணமா? அணுகுண்டு, புஸ்வாணம், கம்பி மத்தாப்பு எல்லாவற்றிலும் நடப்பது ஒரே எரிதல்தானா? மிச்சமிருக்கும் நமத்த பட்டாசைக் கணப்புப் பக்கத்தில் வைத்துக் காயவைக்கலாமா? கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே பதில்: வேண்டாம். ஏற்கெனவே வைத்திருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஆக்சிஜன். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். காற்றில் ஆக்சிஜனின் பங்கு இங்கேயும் 21 சதவீதம்தான், மெரினாவிலும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். கடல்மட்டத்து அழுத்தத்தை 100 என்று வைத்தால் குன்னூரில் ஏறக்குறைய 80, ஊட்டியில் 77. ஆகவே ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். விறகடுப்பு, மெழுகுவத்தி, கரி எல்லாம் சுற்றியுள்ள காற்றை நம்பி எரிபவை என்பதால் அவற்றுக்கு இந்தக் குறைவு ஒரு பொருட்டு. பட்டாசுக்கு அப்படி இல்லை. அது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கட்டுச்சோறு மாதிரி கையோடு கொண்டுவந்துவிடுகிறது.

பழைய கருமருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவில் 9-ம் நூற்றாண்டு வாக்கில் கண்டுபிடிக்கப்பட்ட கலவை இது. எடையில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு மரக்கரி, 10 பங்கு கந்தகம் என்பது பின்னாளில் நிலைத்த விகிதம். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். சூடேறினால் ஆக்சிஜனைக் கக்கும். 100 கிராம் வெடியுப்பால் கிட்டத்தட்ட 40 கிராம் ஆக்சிஜனைக் கொடுக்க முடியும். அதே 40 கிராமை ஊட்டிக் காற்றிலிருந்து எடுக்க வேண்டுமானால் சுமார் 180 லிட்டர் காற்று தேவைப்படும். அந்த 100 கிராம் வெடியுப்போ ஒரு காபி டம்ளரில் பாதிகூட வராது. கரிதான் முக்கிய எரிபொருள். கந்தகமும் எரியும், ஆனால் அதன் பெரிய உபகாரம் வேறு. 115 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உருகி மற்ற இரண்டுக்கும் இடையில் பரவி, கலவை சுலபமாகப் பற்றிக்கொள்ள வழிசெய்கிறது.

கல் குவாரியிலும் கிணறு வெட்டுகிற இடத்திலும் பயன்படுத்தும் சேஃப்டி ஃபியூஸ் என்ற திரி தண்ணீருக்கு அடியிலும் எரிந்துகொண்டே போகும். அதன் நடுவில் இருப்பது கருமருந்து. தண்ணீருக்குள்ளேயே எரிகிற ஒன்றுக்கு ஊட்டிக் காற்று எம்மாத்திரம்?

அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரை முழுசாகத் தள்ளிவிடவும் முடியாது. உயரம் திரியைக் கொஞ்சம் பாதிக்கத்தான் செய்கிறது, ஆனால் ஆக்சிஜன் வழியாக அல்ல, அழுத்தத்தின் வழியாக. எரிந்த இடத்திலிருந்து வரும் சூடான வாயு, இன்னும் எரியாத பகுதியைச் சூடாக்குவதால்தான் திரியில் நெருப்பு முன்னேறுகிறது. வெளி அழுத்தம் குறைந்தால் அந்த வாயு சட்டென்று விரிந்து விலகிவிடும். சுடர் மருந்தின் பரப்பிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கும், மருந்துக்குத் திரும்பி வரும் சூடு குறையும். 1855-லேயே மிட்செல் என்ற பிரிட்டிஷ் ராணுவ குவார்ட்டர்மாஸ்டர், உயரமான இடங்களில் பீரங்கிக் குண்டின் திரி மெதுவாக எரிவதைப் பற்றி எழுதியிருக்கிறார். முதல் உலகப் போரில் இது பெரிய தலைவலியாகிவிட்டது. விமானங்களை நோக்கிச் சுட்ட குண்டுகளில் நேரம் கணக்கிட்டு வெடிக்கக் கருமருந்துத் திரி வைத்திருந்தார்கள். மேலே போகப் போக அது நிதானமாக எரிந்து, குண்டு நினைத்த இடத்தில் வெடிக்காமல் போனது. கடிகாரப் பொறி வைத்த ஃபியூஸ்கள் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மெழுகுவத்தியின் கதை இன்னும் சுவாரசியம். எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட் என்ற வேதியியலாளர் 1859-ல் ஜான் டின்டாலோடு ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் உச்சிக்குப் போய் மெழுகுவத்திகளை எரித்துப் பார்த்தார். அடிவாரத்தில் எவ்வளவு மெழுகு கரைந்ததோ கிட்டத்தட்ட அதே அளவுதான் 4,800 மீட்டர் உச்சியிலும் கரைந்தது. வெளிச்சம்தான் வெகுவாகக் குறைந்துவிட்டது. சுடரை மஞ்சளாகப் பிரகாசிக்க வைப்பது அதற்குள் தகிக்கும் நுண்ணிய கரித்துகள்கள். அழுத்தம் குறையும்போது அந்தத் துகள்கள் குறைவாகவே உருவாகின்றன.

ஆக, குன்னூரில் உங்கள் திரி ஒரு மாற்றுக் குறைந்த வேகத்தில் எரிந்திருக்கும், அவ்வளவுதான். அணைந்துபோக உயரம் காரணமில்லை. ராக்கெட்டுக்கு உயரம் லாபம்கூட. காற்றின் தடை குறைவு.

நிஜமான குற்றவாளி ஈரம். தீபாவளி வருவது ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூரும் கோத்தகிரியும் அந்த மழையை நன்றாக வாங்குபவை. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் கொட்டும். உங்கள் வீட்டில் பீரோவுக்குள் வைத்த துணியே பூசணம் பிடிக்கிற மாதத்தில் பட்டாசு மட்டும் என்ன செய்யும்?

வெடியுப்பு தானாக அதிகம் ஈரம் இழுக்காது. விலை குறைந்த சோடியம் நைட்ரேட்டை விட்டுவிட்டு இதைப் பயன்படுத்துவதே அதற்காகத்தான். ஆனால் மரக்கரி ஈரம் இழுக்கும், காகிதக் குழாய் இழுக்கும், ஒட்டிய பசையும் திரி நூலும் இழுக்கும். அந்த ஈரத்தை ஆவியாக்கவே நெருப்பின் சூடு செலவாகிவிடுகிறது. அடுத்த பகுதியைப் பற்றவைக்கப் போதுமான சூடு மிஞ்சாத இடத்தில் திரி நின்றுபோகும். இன்னொன்றும் நடக்கிறது. ஈரத்தில் வெடியுப்பு கொஞ்சம் கரைந்து, பிறகு உலரும்போது தனிப் படிகங்களாகத் திரண்டுவிடும். கருமருந்தின் வேகம் முழுக்க அந்த மூன்று தூளும் எவ்வளவு நெருக்கமாக அரைத்துக் கலக்கப்பட்டிருக்கின்றன என்பதில் இருக்கிறது. நெருக்கம் போய்விட்டால், நன்றாகக் காய்ந்த பிறகும் பழைய வீரியம் வராது. 1920-களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தொடங்கிய தொழில் அங்கே அப்படி வேர்விட்டதற்கு வறண்ட வானிலை ஒரு முக்கியக் காரணம். குன்னூரில் தொடங்கியிருந்தால் தீக்குச்சி காய்வதற்கே மாசிவரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

இனி இரண்டாவது கேள்வி. பள்ளிப் பாடத்தில் வேகமாக எரிதல், மெதுவாக எரிதல், தன்னிச்சையாக எரிதல், வெடித்தல் என்று பட்டியல் போடுவார்கள். தப்பில்லை, ஆனால் அதை மனப்பாடம் செய்தவர்கள் பட்டாசு முன்னால் நின்றால் குழம்பிப்போவதைப் பார்த்திருக்கிறேன். நான் வகுப்பில் இரண்டே கேள்வி கேட்கச் சொல்வேன். ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது? எரிந்த இடத்திலிருந்து எரியாத இடத்துக்கு நெருப்பு எப்படிப் போகிறது? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் எந்தப் பட்டாசையும் புரிந்துகொள்ளலாம்.

கம்பி மத்தாப்பில் இரண்டு விதமும் சேர்ந்தே நடக்கின்றன. கம்பியில் பூசிய மருந்தில் பேரியம் நைட்ரேட் போன்ற ஓர் ஆக்சிஜன் தரும் உப்பு, அலுமினியத் தூள், இரும்புத் தூள், எல்லாவற்றையும் பிடித்துவைக்கும் பசை இருக்கும். கம்பியை ஒட்டி நடக்கும் எரிதல் உப்பின் ஆக்சிஜனில் நடக்கிறது. அங்கிருந்து பறக்கும் இரும்புப் பொறிகளோ வெளிக்காற்றின் ஆக்சிஜனில் எரிகின்றன. பொறி போகும் வழியில் திடீரென்று கிளைவிட்டு நட்சத்திரமாகச் சிதறுகிறதல்லவா? எஃகில் உள்ள கொஞ்சம் கரிமம் எரிந்து வாயுவாகி, உருகிய துளியை உள்ளிருந்து உடைப்பதால் வருவது அது. கரிமம் இல்லாத தூய இரும்பாக இருந்தால் வெறும் கோடுதான் வரும். மலை உயரத்தால் அழகு குறைய வாய்ப்புள்ள பட்டாசு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இந்தப் பொறிகளைத்தான் சொல்வேன், அதுவும் கண்ணுக்குத் தெரியுமா என்பது சந்தேகமே. உங்கள் வீட்டுத் தகரக் கூரை துருப்பிடிப்பதும் இரும்பு ஆக்சிஜனோடு சேருவதுதான். அங்கே வருஷக்கணக்கில் நடப்பது மத்தாப்பில் ஒரு நொடிக்குள் முடிகிறது. தூள் சிறிதாக இருப்பதால் எடைக்குத் தக்க பரப்பு மிக அதிகம், கிளம்பும்போதே சூடும் அதிகம்.

அப்புறம் அணுகுண்டும் புஸ்வாணமும். சிறுவர்கள் வெடிக்காத வெடியைப் பிரித்து மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்துவார்கள். ஒரே வீச்சில் எழுந்து முகத்தைச் சுடும் விளையாட்டு அது, யாரையும் செய்யவிடாதீர்கள். ஆனால் அதில் ஒரு உண்மை இருக்கிறது: திறந்து கிடக்கும் கருமருந்து 'டமார்' என்பதில்லை, 'புஸ்' என்றுதான் போகும். வாயு தடையில்லாமல் வெளியேறிவிடுகிறது. அதே மருந்தைக் காகிதத்தில் சுற்றி, அதன்மேல் சணலை வரிவரியாக இறுக்கிக் கட்டினால் வாயு உள்ளே மாட்டிக்கொள்கிறது. அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் எரியும் வேகம் ஏறும், வேகம் ஏறினால் வாயு கூடும், அழுத்தம் இன்னும் ஏறும். மலை உயரத்தில் திரி மந்தமாகிறது என்று சொன்னேனே, அதே விதிதான், எதிர்த் திசையில். கடைசியில் சணல் அறுந்து வாயு வெளியே பாய்ந்து காற்றைத் தள்ளும் தள்ளல்தான் நம் காதில் விழும் சத்தம். இன்றைய சத்த வெடிகளில் அலுமினியத் தூள் சேர்த்த மருந்து வருகிறது. அது கருமருந்தைவிட மிகச் சூடாகவும் வேகமாகவும் எரிவதால்தான் அந்த வெள்ளை மின்னல். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் வரக்கூடாது என்பது சட்டம்.

புஸ்வாணத்தில் மேலே ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள். அழுத்தம் ஏறும், ஆனால் ஓட்டை வழியாக இறங்கிக்கொண்டும் இருக்கும். அந்தச் சமநிலைதான் அது சீறுவதற்கும் வெடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். உள்ளே இருக்கும் மருந்துக் கட்டி விரிசல் விட்டிருந்தால் நெருப்பு விரிசலுக்குள் புகுந்து ஒரே நேரத்தில் பல பரப்புகளில் எரியும், ஓட்டை போதாது, புஸ்வாணம் வெடிக்கும். ஈரம் குடித்துப் பிறகு காய்ந்த மருந்து விரிசல் விடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கணப்பு விஷயத்துக்கு வேண்டும்.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் நெருப்பு முன்னேறுவது சூட்டைக் கைமாற்றிக் கைமாற்றித்தான். வேகம் எவ்வளவு கூடினாலும் மருந்துக்குள் ஒலி போகும் வேகத்துக்குக் கீழேதான் இருக்கும். இதை டிஃப்லாக்ரேஷன் என்பார்கள். டெட்டனேஷன் என்பது வேறு ஜாதி. அங்கே சூடு பரவக் காத்திருப்பதே இல்லை. ஒரு அதிர்ச்சி அலை ஒலியைவிட வேகமாகப் பொருளுக்குள் பாய்ந்து, போகிற போக்கில் அமுக்கிச் சூடாக்கி வினையைத் தொடங்கிவிடும். டி.என்.டி. என்ற ராணுவ வெடிபொருளில் அந்த வேகம் நொடிக்குச் சுமார் 6,900 மீட்டர். அதற்குச் சணலும் வேண்டாம், குழாயும் வேண்டாம், திறந்தவெளியிலேயே நொறுக்கும். குவாரியில் பாறை பிளக்கும் ஜெலட்டின் குச்சிக்கு டெட்டனேட்டர் என்ற சின்ன வெடிக்குப்பியைச் செருகுவது இந்த முதல் அதிர்ச்சியைக் கொடுக்கத்தான்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படிக்க நீங்கள் குடிவந்த இடத்தைவிட நல்ல இடம் கிடையாது. மலை ரயிலில் குன்னூரிலிருந்து ஊட்டி போகும் வழியில் அருவங்காடு வருகிறது. அங்குள்ள வெடிமருந்துத் தொழிற்சாலை 1900-களின் தொடக்கத்தில் வந்தது. இப்போது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் கார்டைட் ஃபேக்டரி என்றுதான் சொல்வார்கள். கார்டைட் என்ற துப்பாக்கி மருந்தை 1889-ல் இங்கிலாந்தில் ஃபிரடெரிக் ஏபெலும் ஜேம்ஸ் டியூவரும் உருவாக்கினார்கள். முதல் வகையில் 58 சதவீதம் நைட்ரோகிளிசரின், 37 சதவீதம் நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சு, 5 சதவீதம் வாசலின். ஆமாம், உதட்டுக்குத் தடவும் அதே வாசலின்தான். துப்பாக்கிக் குழலுக்கு வழுவழுப்பாக இருக்கட்டும் என்று சேர்த்தார்கள், பிறகு பார்த்தால் மருந்து கெடாமல் இருக்கவும் அது உதவியது.

பாதிக்கு மேல் நைட்ரோகிளிசரின். டைனமைட்டில் மலையைப் பிளப்பதும் அதே நைட்ரோகிளிசரின்தான். ஆனால் கார்டைட் கயிறு ஒன்றைத் திறந்தவெளியில் பற்றவைத்தால் மஞ்சள் சுடரோடு அது பாட்டுக்கு எரிந்து முடியும். பஞ்சோடு சேர்ந்து கெட்டியான கூழாகிவிட்டதால் பரப்பிலிருந்து உள்நோக்கி அடுக்கடுக்காகத்தான் எரியும். துப்பாக்கிக்குள் அடைபடும்போது அழுத்தம் ஏறி வேகமாக எரிந்து குண்டைத் தள்ளுகிறது, குழலை உடைப்பதில்லை. பொருள் ஒன்றேயானாலும், அதை எப்படிக் கிளப்பிவிடுகிறோம் என்பதும் எந்த உருவத்தில் வைக்கிறோம் என்பதும்தான் அது எரியுமா நொறுக்குமா என்று தீர்மானிக்கின்றன.

கார்டைட்டில் புகையும் மிகக் குறைவு. எரிந்தபின் மிஞ்சுவது கிட்டத்தட்ட எல்லாமே வாயு. கருமருந்தில் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாக மிஞ்சும், பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு என்று. தீபாவளி இரவின் வெள்ளைப் புகை அதுதான். அந்தத் துகள்களைச் சுற்றி ஈரம் படிந்தால் பனிமூட்டம் இன்னும் தடிக்கும். ஊட்டி ஒரு கிண்ணத்துக்குள் இருக்கும் ஊர், இரவில் குளிர்ந்த காற்று கீழே தேங்கி மேலே சூடான காற்று மூடிபோல நின்றுவிட்டால் புகை போக வழியில்லை. மறுநாள் காலை ஈரத்தில் லேசாக அழுகிய முட்டை வாசம் அடித்தால், சல்பைடு நீரோடு சேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு வருகிறது என்று அர்த்தம்.

வண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு, சோடியம் மஞ்சள், பேரியம் பச்சை, செம்பு நீலம். நீலம்தான் கஷ்டம், அந்த நிறத்தைத் தரும் செம்புக் குளோரைடு சுடர் கொஞ்சம் அதிகம் சூடானாலும் சிதைந்துவிடும். பேரியம் உப்புகளுக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

பாம்பு மாத்திரை மட்டும் தனி. அதில் சுடரும் சத்தமும் சொல்லும்படி இல்லை, எரிதலும் முழுமையாக நடப்பதில்லை. பாதி எரிந்த கரி உப்பிப் பாம்பாக நெளிகிறது, மீதி புகையாகிறது. குழந்தைகளுக்கு ஆபத்தில்லாதது என்று நினைத்து அதைத்தான் முதலில் வாங்கிக் கொடுக்கிறோம், குழந்தையும் அதன்மேல் குனிந்து பார்க்கும். என்னைக் கேட்டால் வாங்கவே வேண்டாம்.

அரைகுறை எரிதல் என்றதும் உங்கள் கணப்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. கரிக் கங்கு சுடர் விடாது, புகையாது, பார்க்கச் சாதுவாக இருக்கும். மூடிய அறையில் ஆக்சிஜன் போதாமல் எரியும்போது அது கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்திகளைப் படித்திருப்பீர்கள். இங்கேதான் உயரமும் சேர்ந்துகொள்கிறது, ஏற்கெனவே மூச்சுக்கு ஆக்சிஜன் குறைவு. பட்டாசு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கணப்பு எரியும்போது ஜன்னல் கொஞ்சமாவது திறந்திருக்க வேண்டும். தூங்கப் போகுமுன் கங்கை வெளியே கொண்டுபோய் வையுங்கள்.

சரி, நமத்த பட்டாசு. கணப்புப் பக்கத்தில் வைக்கக்கூடாது என்பதற்குப் பொறி பறக்கும் என்ற காரணம் ஒன்றே போதும், ஆனால் வேறு இரண்டும் உண்டு. அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் ஈரத்தில் மெதுவாக வினைபுரிந்து அம்மோனியாவையும் சூட்டையும் தரும். அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் குவிந்தால் யாரும் கொளுத்தாமலேயே தீப்பிடிக்கும். பாடப்புத்தகத்தில் வரும் தன்னிச்சை எரிதல் இதுதான். பக்கத்தில் கணப்பு வைத்தால் அந்த வினைக்கு நாமே வேகம் கூட்டுகிறோம். பெட்டியைத் திறக்கும்போது அம்மோனியா நெடி அடித்தால் கையே வைக்காதீர்கள், தண்ணீரை ஊற்றிவிடுங்கள். இரண்டாவது, மேலே சொன்ன விரிசல். நன்றாகக் காய்ந்துவிட்டது என்று நம்பிக் கொளுத்திய புஸ்வாணம் முகத்துக்கு நேரே வெடிக்கலாம்.

லேசாகப் பதம் போன கம்பி மத்தாப்பை, நல்ல வெயில் கிடைத்தால், தகரத் தட்டில் போடாமல் காகிதத்தின்மேல் பரப்பிச் சிறிது நேரம் காயவைக்கலாம். கொளுத்தும்போது நீட்டிய கையில் பிடித்துக்கொள்ளுங்கள். வெடி, புஸ்வாணம், ராக்கெட் நமத்திருந்தால் விட்டுவிடுங்கள், திரி பாதியில் நின்றவற்றை மறுபடி பற்றவைக்கவே கூடாது. அடுத்த முறை இரண்டு நாள் முன்பு வாங்கி, இறுக மூடும் டப்பாவில், சமையலறையிலிருந்து தள்ளியே வையுங்கள். தமிழகத்தில் வெடிக்க அனுமதி தீபாவளியன்று காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 மணி வரைதான். அதற்குப் பெட்டி பெட்டியாக வாங்கி வைக்கத் தேவையும் இல்லை.

வீணானதை வெளியே ஒரு வாளித் தண்ணீரில் முழுக ஊறப்போடுங்கள், ஓர் இரவாவது. வாளியை மூடாதீர்கள், அலுமினியம் நீரோடு சேர்ந்து கொஞ்சம் ஹைட்ரஜன் விடக்கூடும். ஊறிய காகிதத்தைக் குப்பை வண்டிக்காரரிடம் பட்டாசு என்று சொல்லியே கொடுங்கள். அந்தத் தண்ணீரை ஓடையிலோ தேயிலைத் தோட்டத்திலோ ஊற்ற வேண்டாம்.